எட்டு இலக்கமும் ஒரு லோரியும்

ஒரு கருவியைக் கையாளுகிறவர் தவறினால், தவறு கையினுடையதா, கருவியினுடையதா? குணபூசணியின் வாழ்க்கை இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்ததுபோலத் தோன்றுகிறது.

பிரிக்பீல்ட்ஸ்காரி. கணினி நிறுவனமொன்றில் நிரல் எழுதினாள். மேதை என்று சொல்வதற்கில்லை. பார்க்கத் தெரிந்தவள், அவ்வளவுதான். 1989-இல் கிள்ளானிலிருந்த ஒரு சரக்குக் கிடங்குக்கு அந்த நிறுவனத்தார் கணினி வைத்தார்கள். இரண்டாம் மாதமே காஜாங்குக்குப் போகவேண்டிய சரக்கு பூச்சோங்கில் போய் இறங்கியது. சீட்டு அடித்தவள் தனலெட்சுமி. பதினாறு வருஷமாகக் கவுண்டரில் இருப்பவள். கையால் எழுதிய காலத்தில் அவளிடம் ஒரு லோரியும் வழி தவறியதில்லை. ஆனால் கிடங்கு மேலாளருக்குக் கணினிமேல் சந்தேகமே வரவில்லை. வெள்ளிக்கிழமை கணினி நிறுவனத்தின் அறிக்கை வரட்டும், தவறு அவளுடையது என்றால் வேலையைவிட்டு நிறுத்திவிடலாம் என்றார்.

தனலெட்சுமிக்குப் பயிற்சி கொடுக்கத்தான் குணபூசணியை அனுப்பினார்கள். அவள் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

திரை முதலில் வாடிக்கையாளர் எண்ணைக் கேட்டது. எட்டு இலக்கம். அதைத் தராமல் அடுத்த கட்டத்துக்கு விடாது. அந்த வரிசையைத் தீர்மானித்தவர் குணபூசணியின் மேலதிகாரி தியாகராசா; அவர் சொன்னதை அப்படியே எழுதியவள் அவள்.

ஜன்னலில் பக்கிரிசாமி என்ற டிரைவர் தலையை நீட்டினான். "அக்கா, நாலு நாலு ஏழு ஒண்ணு. சீக்கிரம் லா, வெயில்ல லோரியே உருகுது."

தனலெட்சுமி அந்த எண்ணைக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டு லோரியை உள்ளே விட்டாள். பின்னால் பதினோரு லோரிகள் நின்றன. கூட்டம் குறைந்த பிறகு, தாளைப் பார்த்து, வாடிக்கையாளர் எண்களைத் தேடி, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிச் சீட்டு அடிப்பாள். அப்படி ஏற்றும்போதுதான், சரக்கு பூச்சோங்குக்குப் போன அன்று, ஒரு வரி மாறியிருந்தது.

"இந்தப் பெட்டி கேக்குறது டிரைவருக்குத் தெரியாது, மிஸ்," என்றாள். "அவனுக்குத் தெரிஞ்சது அவன் லோரி நம்பர்தான். பெட்டிக்கு வாய் இருக்கு, காது இல்ல."

குணபூசணி எண்ணிப் பார்த்தாள். இரண்டு நாளில் வந்த தொண்ணூற்று மூன்று டிரைவர்களில் ஒருவர்கூட வாடிக்கையாளர் எண்ணைச் சொல்லவில்லை. புதன் மாலை உட்கார்ந்து திரையை மாற்றினாள். இனி லோரி எண்ணை அடித்தால் போதும். அன்றைய பதிவிலிருந்து மற்றதெல்லாம் தானே வந்து நிற்கும். வியாழக்கிழமை பத்து மணிக்கே வாசலில் வரிசை இல்லை. காலண்டர் தாளும் தேவைப்படவில்லை.

தியாகராசா தொலைபேசியில் பாராட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "திருத்தினது நல்லது, பிள்ளை. ஆனா அறிக்கையில ஆபரேட்டர் பிழை எண்டே எழுதும். கொம்பனிப் பேர் கெடக்கூடாது."

 வெள்ளிக்கிழமை காலை குணபூசணி அறிக்கையைத் தானே தட்டச்சு செய்து கிடங்கு மேலாளரின் மேசையில் வைத்தாள். காரணம் என்ற இடத்தில், திரையின் வரிசை என்றிருந்தது. பொறுப்பு என்ற இடத்தில் தனலெட்சுமியின் பெயர் இல்லை. தியாகராசாவின் பெயரும் இல்லை.

தன் பெயரை எழுதியிருந்தாள். தனலெட்சுமி கவுண்டரிலேயே இருந்தாள்; குணபூசணிக்கு வரவேண்டிய பதவி உயர்வு அந்த வருஷம் வேறொருவருக்குப் போனது. ஏன் அப்படி எழுதினாய் என்று தியாகராசாவே இரண்டுமுறை கேட்டுப் பார்த்தார். இரண்டுமுறையும் அவள் வேறொரு திரையின் முதல் கட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.