அம்மா கட்டின மதில்

பக்கத்து வளவில் கல்லின்மேல் கல் வைக்கும் சத்தம் கேட்டது. வேலணையில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்ற நான், நினைவில் சின்ன வயது நெடுந்தீவுக்கே போய்விட்டேன்.

அங்கே எங்கள் வளவைச் சுற்றி, சாந்து பூசாமல் பவள முருகைக் கல்லை அடுக்கிய மதில்தான் இருந்தது. ஒரு மாரியில் அதில் ஒரு பக்கம் சரிந்து, ஊர் மாடுகள் அம்மாவின் கத்தரிக் கன்றுகளை மேய்ந்துவிட்டன. அம்மா சேலையைச் செருகிக்கொண்டு தானே கல்லடுக்கத் தொடங்கினா.

கடலால் திரும்பி வந்த அப்பா பார்த்துச் சிரித்தார்.

"இது நிக்காது. நீர் இதை விட்டிட்டு எழும்பும், நான் பிறகு பாக்கிறன்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, மதில் பொலபொலவென்று சரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அம்மாவோ குந்தியிருந்து, விழுந்த கற்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"பெரிய கல்லுகளை மேல வைச்சிட்டன்" என்றுவிட்டு, திரும்பவும் அடியிலிருந்து தொடங்கினா.

அப்பா ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போனார்.

"இதை எங்கை வைக்கிறது?"

"அதிலை இல்லை, இஞ்சாலை."

பொழுதுபட முன்னம் மாடொன்று வந்து, மதிலில் கழுத்தை உரசிப் பார்த்துவிட்டு அப்பால் நடந்தது. கையெல்லாம் சிராய்ப்போடு அம்மா வாய்விட்டுச் சிரித்தா.

பக்கத்து வளவில் சத்தம் நின்றதும் வேலியால் எட்டிப் பார்த்தேன். அண்மையில் கல்யாணமாகி வந்த பிள்ளை, கோழிக்கூட்டுக்குக் கல்லடுக்கிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"வடிவா இருக்கு பிள்ளை. ஆர் கட்டினது?"

"நான்தான் அக்கா" என்றாள், முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக.