இரண்டாவது ஆட்டக்காரன்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. என் தோழி ரக்ஷிதா இன்றும் வைட்ஃபீல்டில் வேலைக்குப் போய் வருகிறாள், சிரிக்கிறாள், நாலு பேரோடு டீ குடிக்கிறாள். அதனால்தான் நான் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பழைய வீடியோ கேம்களை உருவாக்கியவர்கள் யாருக்கும் சொல்லாமல் உள்ளே எதையாவது ஒளித்து வைத்திருப்பார்கள். தள்ளினால் திறக்கும் சுவர், தங்கள் பெயரை எழுதி வைத்த அறை, இப்படி. அவற்றைத் தேடிப் பிடித்து வீடியோ போடுவதுதான் எனக்கும் ரக்ஷிதாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பொழுது. அவள் தும்கூர்க்காரி. தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது.

போன ஆகஸ்டில் ஜோகுபாளையத்தில் எனக்குத் தெரிந்த மலர் அக்கா வீட்டைக் காலி செய்தார். அவருடைய அண்ணன் மதியழகன் சின்ன வயதில் ஆடிய டிவி கேம் பரணில் கிடந்தது. டேப் ஒட்டிய பெட்டியைப் பிரிக்காமலே எங்கள் இருவரிடமும் கொடுத்தார்.

"அண்ணன் பதிமூணு வயசுல காய்ச்சல்ல போயிட்டாரு தம்பி. யாராவது எடுத்து ஆடுனா எனக்கு சந்தோஷம்தான்."

ஈஜிபுராவில் என் அறை. மதியம் மூன்று நாற்பது. வெளியே மழை இருட்டு. பெட்டிக்குள் ஒரு கேசட், இரண்டு ஜாய்ஸ்டிக். ஒன்றில் மட்டும் ஈரமண் ஒட்டியிருந்தது. பரணில் ஏது மண்... யோசிக்காமல் துடைத்து, இரண்டையும் செருகினேன்.

சுரங்கத்துக்குள் இறங்கும் விளையாட்டு. கடைசிச் சுவரை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தள்ளினால் ரகசிய அறை திறக்கும் என்று கேள்விப்பட்டிருந்தோம். ரக்ஷிதா தன் சிவப்புத் தொப்பிக்காரனை அந்தச் சுவர்வரை கொண்டுபோனாள். நான் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் சும்மா நின்றிருந்த இரண்டாவது ஆட்டக்காரன், நீலத் தொப்பிக்காரன், நகர்ந்தான்.

"நோயல், நீனா ஆட்திரோது?" நீயா ஆடுகிறாய் என்று, திரும்பாமலே கன்னடத்தில் கேட்டாள்.

"இல்ல."

என் இரண்டு கையும் போனில் இருந்தன. இன்னொரு ஜாய்ஸ்டிக் பாயில் கிடந்தது. அதன் பொத்தான் தானாக அமுங்கியது.

டக்... டக்... டக்...

"ரக்ஷி, நிறுத்து."

அவள் நிறுத்தவில்லை. இரண்டு பொம்மைகளும் சேர்ந்து தள்ளின. சுவர் திறந்தது. உள்ளே பெயர் எதுவும் இல்லை. கறுப்பு அறை. நடுவில் ஒரு நாற்காலி.

சிவப்புத் தொப்பிக்காரன் போய் உட்கார்ந்தான்.

நீலத் தொப்பிக்காரன் வெளியே நடந்தான்.

சுவர் மூடியது.

சுவிட்சை அணைத்தேன். திரை இருண்டது. டக் சத்தம் மட்டும்... இன்னும் கொஞ்ச நேரம்...

பிறகு அதுவும் நின்றது.

ரக்ஷிதா மெல்லத் திரும்பினாள்.

"பசிக்குதுண்ணா," என்றாள். பிசிறில்லாத தமிழ். "அம்மா வந்துட்டாங்களா?"

அவள் எழுந்து, செருப்புகூடப் போடாமல் மழையில் இறங்கிப் போனாள்.

மலர் அக்காவுக்கு போன் போட்டேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "பெட்டியில ரெண்டு ஜாய்ஸ்டிக் இருந்துச்சுக்கா," என்றேன்.

"ரெண்டா? ஒண்ணுதானே இருக்கும். இன்னொண்ண அண்ணன் கையில குடுத்து, அவரோடயே பொதைச்சிட்டோம்."

மறுநாள் ரக்ஷிதா வழக்கம்போல ஆபீஸ் போனாள். கேட்டால், எதுவும் ஞாபகமில்லை என்கிறாள். தமிழில் சொல்கிறாள்.

இரண்டு கையிலும் இரண்டு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சுவரைத் தினமும் தள்ளிப் பார்க்கிறேன். திறப்பதில்லை. உள்ளேயிருந்து யாரோ தட்டுவதுபோல் இருக்கிறது. என் பிரமையாகவும் இருக்கலாம்.

போன வாரம் மலர் அக்காவே கூப்பிட்டார்.

"உன் ஃப்ரெண்டு வாராவாரம் வீட்டுக்கு வர்றா தம்பி. புது வீட்டு அட்ரஸ் உனக்கே நான் குடுக்கல. வந்து உக்காந்து சோறு கேக்கறா. என்னை குட்டச்சின்னு கூப்பிடறா. அண்ணன் ஒருத்தர்தான் என்னை அப்படிக் கூப்பிடுவாரு."

"உள்ள விடாதீங்கக்கா. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அந்தப் பக்கம் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

"வேணாம் தம்பி," என்றார். "இப்பதான் சாப்பிட உக்காந்திருக்காரு."