போனில் கேட்ட இழுப்பு

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். பேய் பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் நானும்தான் சிரித்துக்கொண்டிருந்தேன், போன தை மாதம் வரைக்கும்.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாட்டுக்கு மருந்து புகட்டுவதில் அங்கே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எவ்வளவு முரட்டு மாடானாலும் மூக்கணாங்கயிற்றை இழுத்துத் தலையைத் தூக்கி, மூங்கில் குழாயைக் கடைவாயில் செருகி, ஒரு சொட்டு சிந்தாமல் இறக்கிவிடுவேன். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

என் மகள் சுகன்யா சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குட்டியாகத் தூக்கிவந்து வளர்த்த நாய் பிளாக்கி. கிளம்பும்போது, "அவன பாத்துக்கப்பா" என்று அது ஒன்றைத்தான் கேட்டாள். பனியில் அதற்கு இருமல் வந்தது. மாட்டுக்குச் செய்வதையே செய்தேன். நல்லெண்ணெயில் மிளகைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, அதே குழாயால் ஊற்றினேன். திமிறியது, நடுவில் இருமியது, நான் விடவில்லை, கடைசிச் சொட்டு வரைக்கும் இறக்கினேன். அன்று சாயங்காலமே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது, கர்ர்... கர்ரென்று, நடுவில் சின்னதாக ஒரு விசிலோடு.

மறுநாள் துண்டில் சுற்றிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எண்ணெய் கிண்ணெய் ஊத்துனீங்களாங்க?"

"இல்லீங்க சார்."

"ஊத்தியிருந்தா சொல்லிடுங்க. நெஞ்சுக்குள்ள போயிருந்தா வைத்தியமே வேற."

சுற்றிலும் ஆடு மாடுகளோடு எங்கள் ஊர்க்காரர்கள். பாதிப் பேர் என்னைக் கூப்பிட்டு மருந்து புகட்டுகிறவர்கள். அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? "இல்லவே இல்லீங்க" என்றேன். சளிக்கு ஊசி போட்டு அனுப்பினார். மூன்றாம் நாள் விடியும்போது பிளாக்கி செத்துக் கிடந்தது. தென்னைக்கு அடியில் நானே புதைத்தேன்.

அதற்கு மறுநாள், பகல் பதினோரு மணி, சுள்ளென்று வெயில். கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். சுகன்யா போன் செய்தாள். பரீட்சை நேரம், நாய் செத்ததை அவளிடம் நானும் சொல்லவில்லை, அவள் அம்மாவையும் சொல்லவிடவில்லை.

"சாப்ட்டியாப்பா? அம்மா வூட்ல இருக்குதா?" என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "கொஞ்சம் பேசாம இருப்பா... பிளாக்கி பக்கத்துல படுத்திருக்கானா? ஏன் இப்படி இழுக்குறான்?"

சுற்றிலும் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாக என் காதில் ஒன்றும் விழவில்லை.

"நடுவுல விசில் வேற அடிக்குது. என்னமோ நெஞ்சுக்குள்ள போன மாதிரி இருக்குதே. என்னப்பா ஊத்துன?"

"ஒண்ணும் ஊத்தல பாப்பா. பனிக்குச் சளி புடிச்சிருக்கு."

புதைத்த நாய்க்குச் சளி என்றேன், பெற்ற மகளிடம். இப்போது சொல்லும்போதுகூட உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பரீட்சை முடிந்து வந்தவளிடம் வயசாகிச் செத்துவிட்டது என்றேன். என்றைக்கு என்று கேட்டாள், ஒரு வாரம் தள்ளிச் சொன்னேன். நம்பி அழுதாள். அன்றைக்கே அந்தக் குழாயை அடுப்பில் போட்டுக் கொளுத்தினேன். இப்போது யார் மருந்து புகட்டக் கூப்பிட்டாலும் கை நடுங்குகிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

ஆனால் போன் செய்யும்போதெல்லாம், "உனக்கு நெஞ்சுல சளி இருக்குதாப்பா? இழுக்குதே" என்கிறாள். தர்மபுரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்றார்கள்.

நேற்றும் கேட்டாள். "எங்கிட்ட எதையாவது மறைக்கிறியாப்பா?" சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "ஒண்ணுமில்ல பாப்பா" என்றுதான் வந்தது.

பிறகு சொன்னாள்.

"இப்ப இன்னும் சத்தமா இழுக்குதுப்பா."