மச்சினனுக்கு ஈரத் துணி

என் மச்சினன் என்னைவிட நன்றாகப் பூல் பந்தாட்டம் ஆடுவான். இந்த ஒரு வரியை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஒத்துக்கொண்ட பிறகும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

அவன் என் மனைவியின் தம்பி. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். செல்போன் கடையில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சும்மா கிடந்தவனை வண்டியில் ஏற்றி கிளப்புக்குக் கூட்டிப்போனது நான்தான். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு மணி நேரம் சுவரில் சாய்ந்து பார்த்தான், பிறகு பந்தடிக்கும் க்யூ கோலை வாங்கி மூன்று பந்தை உள்ளே தள்ளினான். அப்போதே வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

கிளப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு பெயிண்ட் கடை, அதற்கு மேல் ஒரு மாடி, மாடியில் துணி இழுத்து ஒட்டி, ஓரத்தில் ஆறு பாக்கெட் குழி வைத்த ஒரே ஒரு பூல் மேசை. பெயிண்ட் கடை அண்ணாச்சிதான் சொந்தக்காரர். கிழக்கே நான்கு ஜன்னல். எப்போதும் திறந்தே கிடக்கும். கடல் காற்று வரும், அதோடு உப்பும் வரும், கப்பலில் இறக்கும் நிலக்கரியின் தூசியும் வரும். எல்லாம் மேசைத் துணியில்தான் இறங்கும். அதனால் எங்கள் மேசையில் பந்து ஓடாது, நடக்கும். ஒரு பந்தை எதிர்ப்பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க ஓங்கி அடிக்க வேண்டும். எங்களுக்கு அதுதான் ஆட்டம். யாராவது நன்றாக ஆடினால் "கை கனம்வே இவருக்கு" என்று பாராட்டுவார்கள். பதினோரு வருடம் எனக்குத்தான் கை கனம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தேசிய அமெச்சூர் போட்டிக்கு எங்கள் மாவட்டத்தில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் இடம் மச்சினன், இரண்டாவது நான். எங்கள் கிளப்பிலிருந்து அந்தப் போட்டிக்கு யாரும் போனதில்லை. அண்ணாச்சி லட்டு வாங்கி வைத்திருந்தார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எய்யா, வடக்க போயி நம்ம ஊரு யாருன்னு காட்டிட்டு வந்துரு."

பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "நீரும் கூடத் துணைக்குப் போயிட்டு வாரும்வே."

துணைக்கு. நானும் ஆடத்தான் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் நிறைய லட்டு இருந்தது.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. நடுவில் கோப்பையோடு அவன். ஓரத்தில் ஒரு முழங்கை. அது என்னுடையது. என் மனைவி அந்தப் படத்தை வெட்டி பீரோக் கதவில் ஒட்டினாள். வெட்டும்போது ஓரம் நேராக வரவேண்டும் என்று அந்த முழங்கையையும் வெட்டிவிட்டாள்.

"ஏட்டி, அதுல என் கை இருந்துச்சு" என்றேன்.

"கைதான இருந்துச்சு" என்றாள்.

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் அதனால்தான் கூடியது.

போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. எனக்கு வேலை கன்டெய்னர் யார்டில். காலிப் பெட்டிகளில் ஓட்டை, நசுங்கல், துரு இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பேன். மதியம் போனால் ராத்திரிதான் திரும்புவேன். அவனுக்குக் கடை பத்து மணிக்கு. ஆகவே காலை எட்டு முதல் ஒன்பதரை வரை இரண்டு பேரும் கிளப்பில் சேர்ந்து பழகுவது என்று அண்ணாச்சி ஏற்பாடு செய்தார். சாவி என்னிடம் இருந்தது. அவன் ஆடும்போது பெயிண்ட் வாங்க வந்தவர்கள்கூட மாடியேறி வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவார்கள். நான் ஆடும்போது டீ குடிக்கப் போவார்கள்.

இரண்டாவது வாரம் என்னைக் கம்பெனியில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு யார்டுக்கு இரண்டு நாள் அனுப்பினார்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒரு பூல் ஹாலைத் தேடிப் போனேன். ஏ.சி. ஹால். கண்ணாடிக் கதவு. முதல் அடியிலேயே, உள்ளே விழவே கூடாத வெள்ளைப் பந்து மூன்று பக்க விளிம்பிலும் இடித்துவிட்டு நேராகப் பாக்கெட்டுக்குள் விழுந்தது. இரண்டாவது அடியும் அப்படியே. ஒரு மணி நேரத்தில் ஒரு ஆட்டத்தைக்கூட ஒழுங்காக முடிக்க முடியவில்லை. நான் குடித்திருக்கிறேன் என்று பக்கத்து மேசைக்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

ஹாலைப் பார்த்துக்கொள்கிறவர் அருகே வந்தார். "ஏனுங்க, எந்த ஊருங்க?"

"தூத்துக்குடி."

"அதான பாத்தேன். உப்புக்காத்துல ஆடுன கையிங்க. மெல்லத் தொடுங்க. இது ஓடற துணி. தினமும் இஸ்திரி போட்டு ஈரத்த எடுத்துருவோம். பெரிய போட்டியில இதைவிட ஓடுமுங்க."

சாப்பிடாமல் அங்கேயே நின்று விசாரித்தேன். எந்தச் சூட்டில் போடுவது, எந்தத் திசையில் இழுப்பது, பெட்டியை ஒரு நொடிகூட ஓரிடத்தில் நிறுத்தக்கூடாது என்பது எல்லாம் சொன்னார். எங்கள் ஊரில் கை கனம் என்று இத்தனை காலம் பீற்றிக்கொண்டது வெறும் ஈரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்தக் கையோடு வடக்கே போனால் இரண்டு பேரும் முதல் நாளே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறும்போது மச்சினனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். மதுரை தாண்டும்போது நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. தூத்துக்குடியில் இறங்கும்போது சொல்லப்போவதில்லை என்று முடிவாகிவிட்டது. இதற்கு நான் காரணம் எதுவும் ஜோடிக்கப்போவதில்லை. இரண்டு பேரில் நான் அதிக நேரம் போட்டியில் நிற்க வேண்டும், அவன் முதலில் வெளியே வர வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அடுத்த நாளிலிருந்து விடிவதற்கு முன்பே வீட்டு இஸ்திரிப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போனேன். நான்கு ஜன்னலையும் அடைப்பேன். மேசையைப் பிரஷ் போட்டு, மிதமான சூட்டில் துணி முழுக்க இஸ்திரி போடுவேன். பழைய ஈரம் ஆவியாகப் போகும்போது நனைந்த நாய் மாதிரி ஒரு வாடை வரும். அதற்குப் பிறகு ஏழு மணி வரை தனியாக ஆடுவேன். பந்து ஓடும். மெல்லத் தொடப் பழகினேன். என் கை பெட்டிகளைத் தட்டித் தட்டிப் பழகிய முரட்டுக் கை. அதை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

ஏழு மணிக்கு நான்கு ஜன்னலையும் திறந்துவிடுவேன். அது ஐப்பசி மாதம். எட்டு மணிக்கு மச்சினன் வரும்போது துணி பழையபடி நமுத்துப்போயிருக்கும். அவன் வந்து ஓங்கி ஓங்கி அடிப்பான். பார்ப்பவர்கள் கை கனம் என்பார்கள். நானும் சொல்லுவேன்.

இடையில் இரண்டு நாள் மழை விட்டு வெயில் அடித்தது. ஜன்னல் மட்டும் போதவில்லை. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தரை முழுக்கச் சொதசொதவென்று துடைத்து, ஃபேனைப் போட்டுவிட்டேன். அண்ணாச்சி ஏறி வந்து பார்த்துவிட்டு நெகிழ்ந்துபோனார்.

"போட்டிக்குப் போறவரு தரை தொடைக்காரு. இந்தப் புத்தி எவனுக்கு வரும்வே."

மச்சினன் என் கையிலிருந்து துடைப்பானைப் பிடுங்கினான். "குடுங்க அத்தான், மிச்சத்த நான் தொடைக்கேன்." அவனே இன்னொரு வாளி ஊற்றித் துடைத்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாட்டியது சட்டையால். மேசைத் துணி பச்சை. அதன் பஞ்சு இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. என் மனைவி ஒரு நாள் என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். முதுகு முழுக்கப் பச்சைப் பச்சையாக ஒட்டிக்கொண்டது.

"இதென்னங்க, பொட்டியில பாசி புடிச்சிருக்கு?"

"யார்டுக்குக் கொண்டுபோனேன். தார்ப்பாய் ஒட்டியிருக்கும்."

"யார்டுல எதுக்கு இஸ்திரிப் பொட்டி?"

எனக்குப் பொய் சொல்ல வரும், ஆனால் இரண்டாவது பொய் வராது. குளிக்கப் போய்விட்டேன். அவள் தம்பிக்குப் போன் போட்டாள். "உங்க அத்தான் விடியுமுன்ன இஸ்திரிப் பொட்டியத் தூக்கிட்டுப் போறாரு. அடியெல்லாம் பச்சப் பஞ்சா இருக்கு. என்னன்னு கேளு, எனக்குப் பயமா இருக்கு." எவள் வீட்டிலோ துணி தேய்த்துக் கொடுக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ.

அவனுக்குப் புரிய அந்தப் பச்சைப் பஞ்சு போதும். மறுநாள் ஐந்தரை மணிக்குக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். நான் ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு, பனியனோடு வேர்த்து வடிய, மேசை மேல் குனிந்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ரயிலுக்கு இன்னும் நான்கு நாள்.

அவன் நேராக மேசைக்கு வந்தான். துணியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். க்யூவை எடுத்து வழக்கமான அடி ஒன்று அடித்தான். வெள்ளைப் பந்து பறந்துபோய்ப் பாக்கெட்டில் விழுந்தது. எடுத்து வைத்து மறுபடி அடித்தான். மறுபடியும் விழுந்தது.

"எத்தன நாளா அத்தான்?"

"பத்தொம்பது."

"ஜன்னலத் தெறந்து போடுததும் நீங்கதானா?"

"ஆமா."

"தரை தொடச்சது?"

"அதுவுந்தான்."

அவன் சிரித்துவிட்டான். "அத்தான் இப்பல்லாம் ரொம்ப மாறிட்டாங்கன்னு அக்காகிட்ட வேற சொன்னேன்."

நான் சிரிக்கவில்லை. பெட்டியின் வயரைச் சுற்றினேன். பிறகு அவன் சின்னக் குரலில் கேட்டான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ரெண்டு நாள்ல பழகிருவ. எனக்குப் பதினோரு வருசம் ஆச்சுலே."

அவன் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். சட்டையைப் பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன். எனக்கு அது வசதியாக இருந்திருக்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டு பந்துகளை முக்கோணத்தில் அடுக்கினான். "அக்காகிட்ட நான் வேற ஏதாவது சொல்லிக்கிடுதேன். ஜன்னலத் தெறக்காதீங்க" என்றான்.

மிச்ச நான்கு நாளும் அடைத்த ஜன்னலுக்குள் இரண்டு பேரும் ஆடினோம். இஸ்திரி போட நான் பெட்டியை எடுத்தால் அவன் வாங்கிக்கொள்வான். மூன்றாம் நாள் அவன் வெள்ளைப் பந்தை நினைத்த இடத்தில் நிறுத்த ஆரம்பித்தான். பத்தில் ஏழு. பத்தொன்பது நாளில் எனக்கு ஆறுதான் வந்திருந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

ரயிலில் இரண்டு நாள். போட்டி நடந்த ஹால் கோயம்புத்தூர் ஹாலைவிடக் குளிராக இருந்தது. துணி கண்ணாடி மாதிரி ஓடியது. யார் முதலில் ஐந்து ஆட்டம் எடுக்கிறார்களோ அவருக்கு வெற்றி.

அவன் ஆட்டம் காலையில். நான்குக்கு நான்கு வந்து நின்றது. கடைசி ஆட்டத்தில் அவனுக்கு ஒரு பந்தும், அதற்குப் பிறகு போட்டு ஆட்டத்தை முடிக்க வேண்டிய கறுப்புப் பந்தும் மட்டும் மிச்சம். முதல் பந்தைப் போட்டுவிட்டு வெள்ளைப் பந்தைக் கறுப்புக்கு நேராக நிறுத்த வேண்டும். மெல்லத்தான் தொட்டான். நின்றிருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு விரல் தூரம் ஓடியது. கறுப்புக்குக் கோணம் கெட்டுப்போனது. அவன் தவறவிட்டதும் எதிராளி வந்து முடித்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு விரல் ஓடும்போது "ஓடு, ஓடு" என்று என் மனது சொன்னது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

மதியம் என் ஆட்டம். ஐந்துக்கு இரண்டு என்று ஜெயித்தேன். சாயங்காலம் அடுத்த சுற்றில் ஒரு ஆட்டம்கூட எடுக்காமல் தோற்றேன். அது வேறு கதை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. அவனைவிட ஒரு சுற்று அதிகம் நின்றேன்.

மதியம் நான் ஜெயித்து வெளியே வந்தபோது அவன் ஏற்கெனவே போனில் இருந்தான். "அக்கா, அத்தான் ஜெயிச்சிட்டாங்க. ரெண்டுக்கு அஞ்சு. இல்லக்கா, நான் தோத்தாச்சு, அது கெடக்கட்டும், நீ அத்தான்கிட்ட பேசு." போனை நீட்டினான். என் மனைவி சந்தோஷத்தில் என்னென்னவோ சொன்னாள். ஒன்றும் காதில் ஏறவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்ததும் அவன் சொன்னான்.

"ரெண்டு வெரக்கட அத்தான். இன்னும் ஒரு பத்து நாள் கெடச்சிருந்தா நின்னுருக்கும்."

குத்திக்காட்டவில்லை. கணக்காகத்தான் சொன்னான். பத்து நாள் எங்கே போனது என்று இரண்டு பேருக்கும் தெரியும். "டீ குடிக்கியா?" என்று கேட்டேன். "வாங்க" என்றான்.

ஊருக்கு வந்ததும் பேப்பரில் மறுபடி படம் வந்தது. இந்த முறை நான் மட்டும், முழுதாக, க்யூவைப் பிடித்துக் குனிந்திருக்கிறேன். நல்ல படம். பந்தும் கண்ணும் ஒரே கோட்டில் இருக்கின்றன. எப்போது எடுக்க வேண்டும் என்று தெரிந்தவன் எடுத்த படம். மச்சினன்தான் அன்றைக்கு மதியம் அவன் போனில் எடுத்தான். என் மனைவி அதை வெட்டிப் பழைய படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். தோற்று அரை நாள்கூட ஆகாதவன், கை நடுங்காமல் அதை எடுத்திருக்கிறான். எனக்கு அது வராது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அதுதான் எரிகிறது.