“உங்க திரையில எவ்வளவு, அண்ணே?”

பீடோங் பக்கம் எங்கள் செம்பனை ஆலையில், பழம் வேகும் கலனின் ஆவி அழுத்தத்தை என் திரைக்குக் காட்டும் புது டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்க ஒரு பெண் வந்தார். வெயிலில் கறுத்த முகம், காதில் செருகிய பேனா. கலனருகே அழுத்தம் காட்டும் ஊசிமானியைப் பார்த்தபடி, வாக்கிடாக்கியில் என் அளவைத்தான் முதலில் கேட்பார்.

“நான் முதல்ல சொன்னா நீங்க ‘ஆமா’ போட்டிருவீங்க லா, அண்ணே.”

ஒரு நாள் என் திரையைப் பார்த்து “சைபர்” என்றேன். அங்கே வேலை செய்யும் என் மகன், கலன் கதவைத் திறக்கக் கை வைத்திருந்தான்.

“தம்பி, கைய எடு! ஊசியில காட்டுது, உள்ள ஆவி இருக்கு!” என்று அந்தப் பெண் கத்தியது வாக்கிடாக்கியில் கேட்டது.

டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் வால்வை யாரோ திறக்காமல் விட்டிருந்தார்கள்; அதனால்தான் என் திரையில் சைபர். அதைத் திறந்துவிட்டு மேலே என் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார்.

“வாக்கிடாக்கிய இன்னும் விடலையே, பசியாறப் போகலையா அண்ணே?”

“அங்க நின்னது என் மகன்மா.”

அவர் இறங்கிப் போனார். அடுத்த முறை, மகனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கதவை அவரே திறந்தார். இவரும் யாரோ பெற்ற பிள்ளைதானே என்று, மேலிருந்து பார்த்த நான் வாக்கிடாக்கியை மறுபடியும் இறுகப் பிடித்தேன்.