பூனைக்கு மஞ்சள் கோடு

கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகாதவனை எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மனிதனாகவே மதிக்கமாட்டார்கள். ஆனால் ஓசூர் மாடி வீட்டில் நானும் என் பூனையும் மட்டும்தான். அதை யாரிடம் விட்டுப் போவது? கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கும் தருமபுரிக்காரன் ஒருவன் தானாக முன்வந்தான். ஒரே அறையில் பலரோடு நெருக்கியடித்துக் கிடப்பவன். ஒரு வீடு முழுசாகக் கிடைத்தால் புலியைக்கூடப் பார்த்துக்கொள்வான்.

"நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்கண்ணா. வந்து வீட்டப் பாத்தா அசந்துடுவீங்க" என்றான்.

எங்கள் கம்பெனியில் ஆடிட்டுக்கு முந்தின வாரம் எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, எது எங்கே இருக்க வேண்டும் என்று எழுதி வைப்பார்கள். நான் பஸ் ஏறியதும் அவன் என் வீட்டை அப்படித்தான் ஆக்கினான். பூனை படுக்கும் பழைய கோணிப்பை குப்பைக்குப் போனது. சோபாவும் கதவும் பினாயிலில் குளித்தன. பூனையின் தட்டுக்கு ஒரு மஞ்சள் சதுரம், மணல் தொட்டிக்கு ஒன்று. மூலையில் இன்னொரு சதுரம் போட்டு 'ஓய்விடம்' என்று எழுதியிருந்தான். படிக்கத் தெரியாத பூனை அந்தப் பக்கமே போகவில்லை.

பதிலுக்கு அதுவும் தன் எல்லையைப் போட ஆரம்பித்தது. வாலைத் தூக்கி சோபாவில் ஒரு பீச்சு, கதவில் ஒரு பீச்சு. தன் வாசனை போன இடத்தில் பூனை மறுபடி வாசனை போடத்தான் செய்யும். அவன் கழுவக் கழுவ அது போட்டது. அது போடப் போட அவன் கழுவினான்.

"பூனைக்கு டிசிப்ளின் பத்தலண்ணா" என்று போனில் சொன்னான். கூடவே, கறைகளுக்கெல்லாம் சிவப்பு அம்புக்குறி போட்ட போட்டோக்களையும் அனுப்பினான். கோபம் வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. என்னைப் பிரிந்த ஏக்கத்தில் பூனை இப்படிச் செய்கிறது என்று கொடைக்கு வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குள் கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவின் மூக்குக்குச் செய்தி எட்டிவிட்டது. கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுகிறவர், அன்று எனக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே போனில் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம மேல வந்து பாப்பேன். நாத்தம் இருந்தா பூன இருக்கக்கூடாது."

அந்தப் பூனை இல்லாமல் அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. சாமிக்குப் பொங்கல் வைத்த கையோடு பஸ் ஏறினேன்.

வந்ததும் அவனை அனுப்பிவிட்டு டேப்பை எல்லாம் உரித்தேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பூனை வந்தது, என் பையை முகர்ந்தது, திரும்பி நின்று அதன்மேலும் ஒரு பீச்சு பீச்சியது. அதோடு விட்டதா? மறுநாளும் கதவு, சோபா, என் செருப்பு. அவன் போன பிறகு முன்பைவிட மோசம்.

சனிக்கிழமை பார்த்தால், கொடியில் அவன் மறந்து விட்டுப் போன யூனிபார்ம் சட்டை கீழே கிடந்தது. எண்ணெயும் வியர்வையும் அப்பிய சட்டை. அதன்மேல் பூனை சுருண்டு படுத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் சட்டை ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். காலால் தள்ளிவிட்டது. அழுகையே வந்துவிட்டது.

பீச்சுவது அன்றோடு நின்றது. மிச்சக் கறைகளை அன்று ராத்திரியே துடைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கார அம்மா மூலைமூலையாக முகர்ந்துவிட்டு, "ம், இருக்கட்டும்" என்று இறங்கிப் போனார்.

திங்கள்கிழமை காலை அவன் வாசலில் நின்றான். "சட்டைய விட்டுட்டேண்ணா. இருக்கறதே ரெண்டு செட்டுதான்."

"அதக் குடுக்க முடியாதுப்பா. ஒனக்குப் புதுசு எடுத்துத் தாரேன்."

"அழுக்குச் சட்ட உங்களுக்கு எதுக்குண்ணா?"

அதற்குள் அவன் குரல் கேட்டு பூனை ஓடிவந்து அவன் காலை உரசியது. நான் உள்ளே போய் அவனுக்கும் சேர்த்து டீ போட்டேன்.