ஆம்ப்ளிஃபையர் வாங்க வந்தவர்

என் ஆம்ப்ளிஃபையரை இணையத்தில் விற்பனைக்குப் போட்ட அன்றே ஒருவன் போன் செய்தான். தான் ராணுவ அதிகாரி என்றும், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பணம் வந்து விழும் என்றும் சொன்னான். மனைவி போனைப் பிடுங்கியதால் பிழைத்தேன். எண்பதாயிரம் ரூபாய்ப் பொருளாயிற்றே!

அடுத்துக் கேட்டவர் பொன்மலைக்காரர், ரயில்வேயில் வேலை. நரைத்த மீசை, நகக்கண்ணில் கிரீஸ். பதில் சொல்லும் முன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொள்வார். வீட்டுக்கு அழைக்கப் பயந்து ஸ்ரீரங்கத்தில் என் வங்கிக்கே வரச்சொன்னேன். எதிர் டீக்கடையில் மச்சானைக் காவலுக்கு உட்கார வைத்தேன். பதினைந்து கிலோப் பெட்டி என் மடியிலேயே இருந்தது.

அவர் பணம் அனுப்பியதும் எனக்கு மெசேஜ் வந்தது.

"மெசேஜை நம்பாதீங்க சார். கவுண்டர்ல கேட்டுட்டு வாங்க," என்றார். நான் சொல்ல நினைத்து, கூச்சத்தில் விழுங்கிய வார்த்தை அது. பெட்டியையும் தூக்கிக்கொண்டே போய்க் கேட்டேன். பணம் ஏறியிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நல்லா பாடுமான்னு ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க?"

கண்ணாடியைத் துடைத்தார். "ஒரு மணி நேரமா கைக்குழந்தை மாதிரி வச்சிருக்கீங்க. இப்படி வச்சிருக்கிறவரா கெடுத்திருப்பாரு? அந்த டீக்கடை அண்ணனைக் கூப்பிடுங்க. பாவம், மூணாவது டீ குடிக்கிறாரு. ஆளுக்கொரு கை புடிச்சு ஆட்டோல ஏத்திரலாம்."

சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"அருமையா பாடுது சார். இன்னிக்காவது தூங்குங்க."

மூன்று நாளாக நான் கண் மூடாததை அவரிடம் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை.